மேடை விட்டிறங்கிய குரல்

நுழையும்முன்

மேலை நாட்டு இசை நாடகங்களில் மிக உயர்ந்த சுருதியில் பாடும் பெண்குரலைச் சொப்ரானோ என்பர். பல ஆண்டுப் பயிற்சியால் கைவரும் குரல் அது. செருமனியில் பிறந்து உலக அரங்குகளில் பாடிய லோட்டே லேமன் என்னும் அம்மையார் 1951இல் மேடையை விட்டு விலகினார். அதன்பின் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்டா பார்பராவில் இசை கற்பிப்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். அவர் விலகுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தமிழ்நாட்டில் உயர்சுருதிக் குரலால் புகழ்பெற்ற ஒருவர், புகழின் உச்சியில் மேடையை விட்டிறங்கி ஆசிரியர் ஆனார். அவர்தாம் முசிறி சுப்பிரமணிய ஐயர்.

காவிரிக் கரையில்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் அமைந்த ஊர் முசிறி. தென்கரையில் குளித்தலை. இடையில் அகன்று கிடக்கும் ஆறு. முசிறியை அடுத்த பொம்மலப்பாளையம் என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் சுப்பிரமணியன் பிறந்தார். தந்தையார் சங்கர சாஸ்திரி வடமொழிப் புலமை உடையவர். இசையைத் தொழிலாகக் கொண்ட குடும்பம் அன்று அது. ஆகவே, அக்கால வித்துவான்கள் பலருக்கு வாய்த்ததுபோல் தொட்டில் பருவத்திலேயே இசைச் சூழல் அமையும் பேறு சுப்பிரமணியனுக்கு வாய்க்கவில்லை. அவரை இசையின்பால் இழுத்தது கோயிலும் அன்று, கச்சேரியும் அன்று, நாடக மேடை.

நாடகம் என்னும் பள்ளி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடகம் என்றாலே இசை நாடகம்தான். உரையாடலைக் காட்டிலும் பாட்டே மிகுதி. அரசன் வந்தாலும் பாட்டு, காவலன் வந்தாலும் பாட்டு. சாவின் தறுவாயிலும் பாட்டு. சங்கரதாசு சுவாமிகள் முதலியோர் வகுத்தளித்த வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் பவளக்கொடியும் ஊர்தோறும் விடிய விடிய நடந்தன. மதுரையிலும், மேற்குமலையின் அடிவாரத்தில் ஏலத்தோட்டச் சரிவுகளை நோக்கி நிற்கும் போடிநாயக்கனூர் போன்ற தேனி வட்டார ஊர்களிலும், கோயில் திருவிழா இரவுகளில் அந்நாடகங்களை இன்றும் காணலாம்.

அக்காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையிலும் திறந்தவெளியிலும் ஆயிரக்கணக்கானோர் கூடியிருப்பர். கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவன் காதுக்குப் பாட்டு எட்ட வேண்டுமாயின், குரல் உயர்ந்த சுருதியில் ஒலித்தல் வேண்டும். எனவே ஆர்மோனியப் பெட்டியில் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சுருதி கூட்டிப் பாடுபவரே நாடக மேடையில் நிலைத்தனர். ஒரு கட்டை, இரண்டு கட்டை என்பது இயல்பான ஆண்குரலின் எல்லை. நான்கு கட்டைக்கு மேல் செல்வது பெரும்பாலும் பெண்குரலின் எல்லை. ஆண்மகன் ஒருவன் அந்த உயரத்தில் கம்மாமலும் பிசிறாமலும் பாடுவது அரிது; பாடினால் கூட்டம் மெய்ம்மறக்கும்.

அவ்வாறு மெய்ம்மறக்கச் செய்தவர் செங்கோட்டை கிட்டப்பா. 1906இல் பிறந்த அவர் சிறுவனாகவே மேடையேறி, இருபத்தேழாம் அகவையில் 1933இல் மறைந்துவிட்டார். சுப்பிரமணியனைவிட அவர் ஏழு ஆண்டு இளையவர். ஆயினும், அந்த இளையவர் பாட்டைக் கேட்ட மூத்தவரே மாணவர் ஆனார். கிட்டப்பாவின் பாடல்களைக் கேட்ட அளவில் அதே சுருதியில், அதே விரைவுச் சங்கதிகளோடு திரும்பப் பாட இயலும் என்பதைச் சுப்பிரமணியனும் அவரைச் சுற்றியிருந்தோரும் உணர்ந்தனர். ஒருவனுக்குள் உறங்கும் ஆற்றலை மற்றொருவன் பாட்டு எழுப்பிவிடுவது இசையுலகில் புதிதன்று.

நாடகக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தால் அந்தக் குரல் அன்றே பொருள் ஈட்டித் தந்திருக்கும். அவர் அதனைச் செய்யவில்லை. குரல் மட்டும் போதாது, கல்வி வேண்டும் என்று எண்ணினார். அவர் வாழ்வின் முதல் திருப்பம் இதுவே.

மூன்று ஆசிரியர்கள்

முதலில் நாராயணசாமி ஐயர் என்பாரிடம் அடிப்படைப் பயிற்சி பெற்றார். அடுத்து வயலின் வித்துவான் கரூர் சின்னசாமி ஐயரிடம் பயின்றார். வயலின் கலைஞரிடம் வாய்ப்பாட்டுக் கற்பதில் ஒரு நன்மை உண்டு. வில்லின் ஓட்டம் மூச்சின் ஓட்டத்தைப் போன்றது. எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை அது கண்முன் காட்டிவிடும். மூன்றாவதாகச் சென்னையில் டி. எஸ். சபேச ஐயரை அடைந்தார். அவரிடம் ஒன்பது ஆண்டுகள் கற்றார்.

சபேச ஐயர் எளிய ஆசிரியர் அல்லர். தியாகராசரின் மாணவர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவர் மாணவர் மகா வைத்தியநாத ஐயர். அவர்தம் மாணவர் சபேச ஐயர். பிற்காலத்தில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் அவர் ஏற்றார். இத்தகைய வழிமரபில் வந்த ஆசிரியரிடம் நாடகப் பாட்டால் வளர்ந்த ஒரு குரல் சென்று சேர்ந்தது. குரலில் விரைவு இருந்தது. ஆசிரியர் அதற்கு நிதானத்தைக் கற்பித்தார். குரலில் பளபளப்பு இருந்தது. அதற்குக் கனத்தைக் கற்பித்தார். ஒரு கீர்த்தனையின் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்னும் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கட்டுக்கோப்பைக் காட்டினார். பிற்காலத்தில் முசிறியார் இசையில் விரைவைவிட அமைதியே மேலோங்கி நின்றமைக்கு இவ்வொன்பது ஆண்டுகளே காரணம் எனலாம்.

1920இல் சென்னையில் முதற் கச்சேரி நிகழ்ந்தது. அதன்பின் ஊர்ப்பெயரே அவர் பெயராயிற்று. சுப்பிரமணிய ஐயர் என்று சொன்னால் எவர் என்று கேட்பர். முசிறி என்றால் எவரும் கேட்கமாட்டார்.

ஒரே அடியைப் பலவாறு

முசிறியாரின் பாட்டில் தனித்து நின்றது நிரவல். கீர்த்தனையில் உள்ள ஓர் அடியை எடுத்துக்கொண்டு, அதன் சொற்கள் தாளத்தில் அமைந்த இடம் பிறழாமல், இசையை மட்டும் பல்வேறு வடிவங்களில் அவ்வப்போது புனைந்து நிரப்புவதே நிரவல். சொல் மாறாது, தாளம் மாறாது, இராகத்தின் முகங்கள் மாறிக்கொண்டே வரும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதில் ஓர் இடர் உண்டு. இசையின் வேகத்தில் சொல் தவறான இடத்தில் உடைந்தால் பொருள் கெடும். சில வேளைகளில் நகைப்புக்கும் இடமாகும். கற்பனைச் சுரம் பாடுவோர்க்கு இவ்விடர் இல்லை. அங்கே பொருளுடைய சொல்லே இல்லை. நிரவல் பாடுபவரோ புலவரும் பாடகரும் ஒருங்கே ஆதல் வேண்டும்.

முசிறியார் நிரவலுக்கு விரைவான காலத்தை நாடவில்லை. நின்று நின்று, மெலிவிலிருந்து சமனுக்கும் சமனிலிருந்து வலிவுக்கும் படிப்படியாக ஏறி, உச்சியில் குரலை ஓங்கவிட்டு, பின் மெல்லக் கீழிறங்குவார். கெஞ்சும் பொருளுடைய அடியாயின் குரலும் கெஞ்சும். அக்குரலைக் கேட்டுக் கண் கலங்கியோர் பலர். வலிவு, மெலிவு, சமன் என்பன சிலப்பதிகாரக் காலந்தொட்டு வழங்கும் இசைச் சொற்கள். குரலின் ஒலியளவைப் பொருளுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பாடுதல் அன்றைய மேடையில் பொதுவழக்காக இல்லை. கூட்டத்திற்கு எட்டவேண்டும் என்பதற்காக எல்லாரும் ஓங்கியே பாடினர். முசிறியாரிடம் அந்த வேறுபாடு இருந்தது. நாடகப் பாட்டு அவருக்குக் கொடுத்த நற்கொடை இதுவாகலாம். மேடையில் பாத்திரத்தின் உணர்ச்சியே பாட்டின் உயிர் அன்றோ!

கோபாலகிருட்டிண பாரதியாரின் காம்போதி இராகக் கீர்த்தனை ஒன்றையும், தியாகராசரின் ஆபேரி இராகக் கீர்த்தனை ஒன்றையும் அவருடைய சொத்து என்றே மக்கள் கருதினர். ஆபேரிக் கீர்த்தனையின் வரலாறு சுவையானது. இன்று அப்பாடலைக் கச்சேரிகளிலும் வீடுகளிலும் எந்த வடிவில் பாடுகிறோமோ, அந்த வடிவம் நாடெங்கும் பரவியதற்கு முசிறியாரின் இசைத்தட்டே பெருங்காரணம். ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடமே பாட இயலும். அரைமணி நேரம் விரித்துப் பாடவல்லவர் அந்தச் சிறு அளவுக்குள் ஒரு பாடலின் சாற்றைப் பிழிந்து தர வேண்டியிருந்தது. கச்சேரிக்கு வர இயலாத சிற்றூரினர் தேநீர்க் கடைகளிலும் செல்வர் வீட்டுத் திண்ணைகளிலும் கிராமபோன் பெட்டியைச் சுற்றி நின்று அக்குரலைக் கேட்டனர்.

துகாராம்

கிட்டப்பாவைக் கேட்டு வளர்ந்தவர் ஒரே ஒருமுறை தாமும் வேடம் புனைந்தார். மராட்டியத்தில் 1936இல் வெளிவந்த சந்த் துகாராம் என்னும் திரைப்படம் வெனிசு நகரத் திரைப்பட விழா வரை சென்று புகழ்பெற்றது. அதே அடியாரின் வரலாறு தமிழிலும் எடுக்கப்பட்டது. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவின் தயாரிப்பில், பி. என். ராவ் இயக்கத்தில் 1938இல் வெளிவந்த துகாராம் படத்தில் முசிறியார் துகாராமாக நடித்தார். பாடத் தெரிந்தவரே கதைத்தலைவராக நடித்த காலம் அது. பின்னணிக் குரல் என்னும் ஏற்பாடு வேரூன்றவில்லை. கச்சேரி வித்துவான்கள் பலரும் திரைக்குச் சென்றனர்.

அவருக்கு அது ஒவ்வவில்லை. மீண்டும் அவர் நடிக்கவில்லை. பொருளும் புகழும் ஒருசேர வந்த துறையை ஒரே படத்தோடு விட்டுவிட்டமை அவர் இயல்பைக் காட்டுகிறது. தமக்குரிய இடம் எது என்பதை அறிந்து, அதற்கு அப்பால் உள்ளதை மறுப்பதில் அவர் தயங்கியதில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவர் செய்த பெரிய மறுப்புக்கு இது ஓர் ஒத்திகைபோல் அமைந்தது.

அடுத்த ஆண்டு, 1939இல், சென்னை மியூசிக் அகாதெமியின் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார். அப்போது அவருக்கு அகவை நாற்பது. அம்மாநாட்டுத் தலைவர்களுக்கு வழங்கப்படும் சங்கீத கலாநிதி என்னும் பட்டமும் அவருக்கு உரியதாயிற்று.

திருவையாற்றில் பாலம்

பாடகர் பலர் ஒன்றுபட்டுச் செயலாற்றுவது எளிதன்று. திருவையாற்றில் காவிரிக் கரையில் அமைந்துள்ள தியாகராசர் சமாதியில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆராதனையே இதற்குச் சான்று. தியாகராசர் மறைந்தது 1847இல். பின்னர் நடந்த ஆராதனை விழாவில் பெரிய கட்சி, சின்ன கட்சி எனப் பிரிவுகள் தோன்றின. 1920களில் பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுச் சமாதியின் மேல் கோயில் எழுப்பினார். ஆயினும் அங்கே பாடும் உரிமை பெண்களுக்கு மறுக்கப்பட்டது. எனவே அவர் பெண்களுக்கெனத் தனியாக விழா நடத்தினார். ஒரே புலவரைப் போற்ற மூன்று விழாக்கள்!

1940இல் இப்பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டுத் தியாகப்பிரம்ம மகோற்சவ சபை உருவானது. அதற்கு உழைத்தவருள் முசிறியாரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அரசு உயர் அலுவலரான எஸ். ஒய். கிருஷ்ணசுவாமியும் குறிப்பிடத்தக்கவர். மறு ஆண்டிலிருந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை அனைவரும் ஒன்றாக அமர்ந்து பாடும் வழக்கம் ஏற்பட்டது. இன்று தொலைக்காட்சியில் நாம் காணும் அந்தக் கூட்டிசைக் காட்சி பழைமையான மரபுபோல் தோன்றினும், அதன் அகவை நூறாண்டைக்கூட எட்டவில்லை. பெண்களும் ஆண்களும் அங்கே ஒருங்கமர்ந்து பாடுவதற்கு முன்னே எத்தனை பேச்சுவார்த்தைகள், எத்தனை விட்டுக்கொடுத்தல்கள் நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முசிறியார் பல ஆண்டுகள் அச்சபையின் பொறுப்புகளைச் சுமந்தார்.

இறங்கிய நாள்

உடல்நலம் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. 1945ஆம் ஆண்டளவில் அவர் மேடைக் கச்சேரிகளிலிருந்து விலகினார். அகவை நாற்பத்தாறு. கருநாடக இசையில் இது முதிர்ந்த பருவம் அன்று. ஐம்பதுக்கு மேல்தான் பலருடைய கலை கனியும். அவரோடு பாடிய அரியக்குடி இராமானுச ஐயங்காரும் செம்பை வைத்தியநாத பாகவதரும் அதன்பின்னும் நெடுங்காலம் மேடையில் வீற்றிருந்தனர்.

அந்த முடிவின் கடுமையை இன்று முழுதாக உணர்தல் அரிது. அக்காலப் பாடகருக்கு ஓய்வூதியம் இல்லை. வருங்கால வைப்பு நிதி இல்லை. கச்சேரி நின்றால் வருவாய் நின்றது. அதனினும் பெரிது, குரலையே தம் அடையாளமாகக் கொண்டவர் அக்குரலை ஊரார் கேட்க முடியாதபடி தாமே மூடிக்கொள்வது. ஒலிபெருக்கி பரவிவிட்ட காலம் அது. அதன்முன் அமர்ந்து, சுருதியைக் குறைத்துக்கொண்டு, பழம்புகழை வைத்துச் சில ஆண்டுகள் ஒப்பேற்றியிருக்கலாம், கூட்டமும் வந்திருக்கும். கேட்டவர் நெஞ்சில் நிறைந்த குரலைத் தேய்ந்த நிலையில் தர அவர் விரும்பவில்லை போலும். மேடையை விட்டார், இசையை விடவில்லை.

அடையாற்றுக் கல்லூரி

நாடு விடுதலை பெற்றபின் சென்னை மாநில அரசு, கருநாடக இசைக்கென ஒரு கல்லூரியை 1949இல் தொடங்கியது. மத்திய கருநாடக இசைக் கல்லூரி என்பது அதன் பெயர். இன்றைய தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி அதன் வழிவந்ததே. அதன் முதல் முதல்வராக முசிறியார் அமர்ந்தார். 1965வரை பதினாறு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

அப்பணியின் சிக்கலை அறிய, அதற்கு முன்பிருந்த முறையை நோக்குதல் வேண்டும். குருகுலத்தில் மாணவன் ஆசிரியர் வீட்டிலேயே தங்குவான்; தண்ணீர் சுமப்பான்; ஆசிரியர் பாடும்போதெல்லாம் காதால் கற்பான். பாடவேளை என்று ஒன்று இல்லை, தேர்வு இல்லை, முடிவும் இல்லை. முசிறியாரே ஒன்பதாண்டு அவ்வாறு கற்றவர். கல்லூரியிலோ மணி அடித்தால் வகுப்பு. குறித்த ஆண்டுகளுக்குள் பாடத்திட்டம். இறுதியில் தேர்வும் சங்கீத வித்துவான் என்னும் பட்டமும். ஒரு கமகத்தை இத்தனை மணிக்குள் கற்றுவிடு என்று எவரிடம் சொல்வது? இம்முறை இசையை நீர்த்துப்போகச் செய்யும் என்று அஞ்சியோர் பலர். அவ்வச்சம் முற்றிலும் பிழை என்றும் கூறுவதற்கில்லை.

ஆனால் குருகுலத்தின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். யாருக்கு ஆசிரியர் வீட்டு வாசல் திறந்தது? குலத்தாலும் உறவாலும் பொருளாலும் வாய்ப்புப் பெற்ற சிலருக்கே திறந்தது. பெண்கள் வேற்று ஆசிரியர் வீட்டில் தங்கிக் கற்பது நினைத்துப் பார்க்கவும் இயலாதது. கல்லூரி வாயில் அவ்வாறன்று. விண்ணப்பம் அனுப்பிக் குரல் தேர்வில் தேறியவர் உள்ளே வரலாம்.

முசிறியார் இவ்விரண்டையும் இணைக்க முயன்றார். பாடத்திட்டம் அச்சில் இருந்தது; அதைக் கற்பிப்போரோ வாழும் மரபுகளாக இருந்தனர். வீணை தனம்மாளின் பேத்தியும், பாடாந்தரத் தூய்மைக்குப் பெயர்பெற்றவருமான டி. பிருந்தா அங்கே கற்பித்தார். புல்லாங்குழல் கலைஞர் திருப்பாம்புரம் சாமிநாத பிள்ளை கற்பித்தார். தனம்மாள் இல்லத்து மெல்லிசை மரபும் நாகசுர மண்ணில் விளைந்த குழலிசை மரபும் ஒரே கட்டடத்தின் அடுத்தடுத்த அறைகளில் ஒலித்தன. மாணவர் காலையில் ஒரு மரபையும் மாலையில் மற்றொரு மரபையும் கேட்டனர். குருகுலத்தில் இது நிகழ்ந்திருக்க இயலாது.

முதல்வராக இருந்தும் அவர் வகுப்பெடுப்பதை விடவில்லை. இல்லத்திலும் மாணவர்க்குக் கற்பித்தார். அவர் கற்பித்தலில் பாடலின் பொருளுக்கு முதலிடம் உண்டு. ஒரு கீர்த்தனையின் சொற்களைச் சரியாகப் பிரித்து, பொருளை உணர்ந்த பின்னரே அதன் இசையை உருவேற்ற வேண்டும். மூச்சை எங்கே வாங்குவது என்பதைச் சொல்லின் பொருளே முடிவு செய்ய வேண்டும். உச்ச ஒலியைத் தொடும்போது குரலை முரட்டுத்தனமாகத் தள்ளக்கூடாது. இவை அவர் மேடையில் கடைப்பிடித்த நெறிகள். மேடையில் உள்ளுணர்வால் வந்தவற்றைச் சொல்லாலும் முறையாலும் மற்றவர்க்கு எடுத்துரைப்பது வேறொரு திறன். நன்றாகப் பாடுவோர் எல்லாரும் நன்றாகக் கற்பிப்பவர் அல்லர். அவருக்கு அத்திறன் இருந்தது என்பதற்கு அவருடைய மாணவர்களே சான்று.

கொச்சியிலிருந்து வந்த டி. கே. கோவிந்தராவ் அக்கல்லூரியின் தொடக்கக் கால மாணவர். பின்னாளில் அகில இந்திய வானொலியில் உயர்பொறுப்பு வகித்து, மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளை இசைக்குறிப்போடு பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1999இல் தம் ஆசிரியரைப் போலவே சங்கீத கலாநிதி ஆனார். மணி கிருஷ்ணசாமி, சுகுணா புருஷோத்தமன், சுகுணா வரதாச்சாரி, பம்பாய் சகோதரியர் எனப் புகழ்பெற்ற சரோஜா, லலிதா ஆகியோரும் அவர்பால் கற்றவரே. மணி கிருஷ்ணசாமியும் பம்பாய் சகோதரியரும் அதே பட்டத்தை அடைந்தனர். சுகுணா புருஷோத்தமனும் சுகுணா வரதாச்சாரியும் தாமே ஆசிரியராகி அடுத்த தலைமுறையை வளர்த்தனர்.

இப்பட்டியலில் பெண்கள் மிகுந்திருத்தல் கருதத்தக்கது. காலத்தின் மாற்றம் ஒரு காரணம். மற்றொன்றும் இருக்கலாம். ஒரு கட்டையில் பாடும் ஆண் ஆசிரியரிடம் கற்கும் பெண், ஆசிரியர் குரலைத் தன் சுருதிக்கு மாற்றிக்கொண்டே கற்க நேரும். ஆசிரியர் எட்டும் உச்சமும் மாணவி எட்டும் உச்சமும் ஒன்றாகா. முசிறியாரின் குரலோ அதன் இளமையில் நான்கு கட்டைக்கும் மேற்பட்டது. பெண்குரலின் எல்லையை ஒட்டியது. அந்த உயரத்தில் நின்று குரலைக் காப்பது எப்படி, எந்த இடத்தில் அழுத்தம் கூடாது என்பதைத் தம் தொண்டையாலேயே அறிந்தவர் அவர். நாடக மேடை கேட்ட உயர்சுருதி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வகுப்பறையில் அமர்ந்திருந்த பெண்களுக்கு வேறு வகையில் பயன்பட்டது.

மயிலாப்பூர்த் தெரு

பெருமைகள் பிற்காலத்தில் அடுத்தடுத்து வந்தன. 1957இல் சங்கீத நாடக அகாதெமி விருது அளித்தது. 1967இல் அதே அகாதெமி தன் மிக உயர்ந்த சிறப்பாகிய உறுப்பினர் தகுதியை வழங்கியது. 1971இல் நடுவண் அரசின் பத்ம பூஷண் விருது கிட்டியது. மேடையை விட்டுப் பல ஆண்டுகள் கடந்த ஒருவருக்கு இச்சிறப்புகள் வந்தன. அவர் பாடிக் கேட்டிராத புதிய தலைமுறை, அவரை ஆசிரியராகவே அறிந்திருந்தது. 1975ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் மறைந்தார்.

சென்னை மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த தெருவுக்கு ஆலிவர் சாலை என்று ஆங்கிலேயர் ஒருவர் பெயர் இருந்தது. இப்போது அது முசிறி சுப்பிரமணியம் சாலை. காலையில் அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளில் பலர் அப்பெயர் ஒரு பாடகருடையது என்று அறியார். ஆயினும், அதே மயிலாப்பூரின் ஏதோ ஒரு வீட்டு மாடியில், அவருடைய மாணவியின் மாணவி ஒருத்தி தம்பூரா கூட்டி, காம்போதியில் ஓரடியை எடுத்துச் சொல் சிதையாமல் பாடிப் பழகிக்கொண்டிருக்கக்கூடும்.